படத்தை வாசித்தல்

ஒலியும் படமும் ஒரே கணத்தில், அவையோர் கண்ணெதிரே, ஒரு மனிதரின் செயலால் பிறந்து, அந்தச் செயல் நின்றதும் தாமும் மறைந்துவிடுகிற கலைவடிவமே இச்சொற்பொழிவில் ஒலி-ஒளி நிகழ்கலை எனப்படுகிறது. முன்பே படம்பிடித்து, வெட்டி ஒட்டி, முடித்துவைத்த திரைப்படம் இதில் சேராது. கச்சேரி மேடையின் பின்னே அழகுக்காக ஓடவிடப்படும் காட்சிகளும் சேரா. இதன் கிளையாக வளர்ந்த ஊடாடும் கலையில், கலைஞர் அமைத்துவைத்த ஏற்பாட்டுக்குள் பார்வையாளரே நுழைந்து, தம் குரலாலோ உடலசைவாலோ ஒலியையும் படத்தையும் எழுப்புகிறார். தமிழில் வீணையும் வாசிக்கப்படுகிறது, ஏடும் வாசிக்கப்படுகிறது. படமும் அந்த முதற்பொருளில், அதாவது கைபழகிய ஒருவரால் ஒரு கருவியைப் போல, வாசிக்கப்பட முடியுமா என்பதே இக்கலையின் தொடக்கக் கேள்வி. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக இக்கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளுள், சுரத்துக்கு நிறம் என்று அட்டவணை போட்டவை பொய்த்தன என்பதும், சாதகம் செய்யத்தக்க கருவியைத் தந்தவையே நிலைத்தன என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

அட்டவணையின் கதை நியூட்டனிடமிருந்து தொடங்குகிறது. 1704ஆம் ஆண்டு வெளிவந்த ஒளியியல் நூலில் அவர் நிறமாலையை ஏழாகப் பகுத்து, அப்பகுப்பை இசையின் ஏழு சுர இடைவெளிகளோடு ஒப்பிட்டுக் காட்டினார். இவ்வொப்புமையால் தூண்டப்பட்ட பிரெஞ்சு ஏசுசபைத் துறவி லூயி பெர்த்ரான் காஸ்தெல், கட்டையை அழுத்தினால் ஒலியோடு நிறமும் தோன்றும் ‘கண்ணுக்கான ஹார்ப்சிகார்ட்’ ஒன்றை 1725இல் அறிவித்தார். இசைமேதை டெலமன் இதைப் பற்றி 1739இல் தனியே ஒரு விளக்கவுரை எழுதும் அளவுக்கு ஐரோப்பாவில் இது பேசப்பட்டது. மெழுகுவர்த்திகளையும் நிறக் கண்ணாடிகளையும் கொண்டு காஸ்தெல் 1750களிலும் அதன் மாதிரிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆயினும், வாழ்நாளின் பெரும்பகுதியை விழுங்கிய அக்கருவி ஒரு மரபை உண்டாக்காமலே அவரோடு முடிந்தது.

அதே ஆசை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரஷ்ய இசையமைப்பாளர் அலெக்சாந்தர் ஸ்க்ரியாபினிடம் மீண்டும் தலைதூக்கியது. 1910இல் அவர் எழுதி முடித்த ‘பிரமீத்தியூஸ், நெருப்பின் கவிதை’ என்னும் வாத்தியக்குழுப் படைப்பின் இசைத்தாளில், எல்லாக் கருவிகளுக்கும் மேலே, ஒளிக்கென்றே ஒரு தனி வரி இடப்பட்டுள்ளது. 1911இல் மாஸ்கோவில் நடந்த முதல் அரங்கேற்றத்தில் அந்த வரி வாசிக்கப்படவில்லை. 1915 மார்ச் 20 அன்று நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில், குரோமோலா எனப்பட்ட நிறக்கருவியின் துணையோடு ஒரு சிறு திரையில் முதன்முறையாக நிறங்கள் காட்டப்பட்டன. அடுத்த மாதமே ஸ்க்ரியாபின் இறந்துபோனார். அவரும் அவர் காலத்து மேதையான ரிம்ஸ்கி-கோர்சகோவும், ஒவ்வொரு சுரநிலைக்கும் ஒரு நிறம் உண்டென்று உறுதியாக நம்பியவர்கள். ஆனால் சி மேஜர் என்னும் சுரநிலை ஒருவருக்குச் சிவப்பாகவும் மற்றவருக்கு வெள்ளையாகவும் தோன்றியது. இருவரும் பொய் சொல்லவில்லை. இசைக்கும் நிறத்துக்கும் இடையே ஒருவர் உள்ளத்தில் எழும் உறவு உண்மையானது. மற்றவருக்கு அது சட்டமாகாது.

அட்டவணை பொய்த்ததற்குக் கருத்து வேறுபாட்டைவிட ஆழமான ஒரு காரணம் புலன்களின் அமைப்பிலேயே இருக்கிறது. மூன்று சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது பயின்ற காது அம்மூன்றையும் தனித்தனியே பிரித்தறியும். சிவப்பொளியையும் பச்சையொளியையும் ஒரே இடத்தில் பாய்ச்சினால் கண் மஞ்சளை மட்டுமே காணும், அதற்குள் சிவப்பும் பச்சையும் இருப்பதை எத்தனை பயிற்சியாலும் அதனால் பிரித்துக் காண முடியாது. காது அதிர்வுகளைப் பகுக்கும் உறுப்பு. நிறத்தைப் பொறுத்தவரை கண் அவற்றைக் கூட்டிவிடும் உறுப்பு. நொடிக்கு எட்டுச் சுரங்கள் ஓடும் ஒரு துரிதகாலப் பகுதியை எட்டு நிறங்களாக மாற்றிக் காட்டினால், இசையில் ஓட்டமாக இருந்தது கண்ணில் வெறும் சிமிட்டலாகிவிடுகிறது. மறுபுறம் வடிவம், இடம், திசை, அசைவு ஆகியவற்றைக் கண் மிக நுட்பமாகப் பகுத்தறியும். ஒலியோடு படம் இணைய வேண்டிய வாசல் அங்கேதான் இருந்தது. நிறத்தின் மீதிருந்த மயக்கத்தால் அந்த வாசல் இருநூறு ஆண்டுகள் திறக்கப்படாமலே கிடந்தது.

இதை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த பியானோக் கலைஞர் மேரி ஹாலக் கிரீன்வால்ட். சுரத்துக்கு நிறம் என்ற கணக்கை விடுத்து, ஒளியின் ஏற்ற இறக்கத்தையே இசையின் உணர்ச்சியோடு சேர்த்து வாசிக்க வேண்டுமென்ற எண்ணத்தில் அவர் தம் கருவிகளை அமைத்தார். ஒளியைச் சீராகக் கூட்டிக் குறைக்கும் மின்தடை அமைப்புகளுக்குக் காப்புரிமை பெற்று, அவ்வுரிமைக்காக ஒரு பெரிய நிறுவனத்தோடு வழக்காடி வென்றார். தம் கலைக்கு அவர் இட்ட ‘நூரதார்’ என்ற பெயர், ஒளி என்னும் பொருள்தரும் நூர் என்ற அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது. டென்மார்க்கில் பிறந்த தாமஸ் வில்ஃப்ரெட் இன்னும் ஒரு படி மேலே போய், 1922இல் நியூயார்க்கில் தம் கிளாவிலக்ஸ் கருவியை அரங்கேற்றியபோது, ஒளிக்கு இசையே துணையாக வேண்டாம் என்று கருதி அதை மௌனமாகவே இயக்கினார். ஒலியைத் துறந்தவரானாலும், ஒளியைக் கையால் வாசிப்பது தனிக்கலை என்று மெய்ப்பித்தவர் என்ற வகையில் இவ்வரலாற்றில் அவருக்கு இடம் உண்டு.

இவர்கள் எல்லோரையும்விட எளிய கருவியைச் செய்தவர் ஆஸ்கர் ஃபிஷிங்கர். 1900இல் ஜெர்மனியில் பிறந்து, இளமையில் ஆர்கன் செய்யும் பட்டறையில் தொழில் பழகி, பின் இசைக்கு இசைந்தாடும் அருவப் படங்களால் புகழ்பெற்று, 1936இல் ஹாலிவுட்டுக்குக் குடிபெயர்ந்தவர் அவர். 1930களின் தொடக்கத்திலேயே, திரைப்படச் சுருளின் ஓரத்தில் ஒலி பதியும் பட்டையில் கோலம் போன்ற வடிவங்களை வரிசையாக வரைந்து ஓடவிட்டு, வரைந்த வடிவமே ஒலியாகக் கேட்பதை அவர் காட்டியிருந்தார். 1940களின் இறுதியில் அவர் அமைத்து, 1955இல் காப்புரிமை பெற்ற லூமிகிராஃப், ஒரு சட்டத்தில் இழுத்துக் கட்டிய ரப்பர்த் திரையும் அதன் முன்னே மெல்லிய தகடுபோல் பாயும் வண்ண ஒளியும் மட்டுமே கொண்டது. அறை முழுவதும் இருட்டு. திரை சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. பின்னாலிருந்து ஒருவர் விரலால் அழுத்தியதும் ரப்பர் முன்னே புடைத்து ஒளித்தகட்டைத் தொடுகிறது. தொட்ட இடம் மட்டும் வண்ணமாக எரிகிறது. விரல் நுனியால் தொட்டால் ஒரு புள்ளி, உள்ளங்கையை அழுத்தினால் விரியும் வட்டம், கையை இழுத்தால் நீளும் தழல். இன்னொருவர் பக்கத்தில் நின்று இசைக்கேற்ப நிறத்தை மாற்றுகிறார். 1953இல் சான் பிரான்சிஸ்கோ கலை அருங்காட்சியகத்தில் அது இசைக்கு வாசித்துக் காட்டப்பட்டது. வெள்ளைத் திரைக்குப் பின்னே விளக்கொளியில் பாவைகளை ஆட்டிக்கொண்டே, எல்லாப் பாத்திரங்களுக்கும் தாமே குரல்கொடுத்துப் பாடும் தோல்பாவைக் கூத்தரைப் பார்த்தவர்களுக்கு, லூமிகிராஃபின் பின்னே நிற்பவரின் உழைப்பு அந்நியமாகத் தோன்றாது. இரு இடங்களிலும் படம் கையின் அழுத்தத்துக்கு உடனே பதில் சொல்கிறது. கையின் பக்குவத்தால் மட்டுமே அது மேம்படுகிறது.

மின்னணுவியல் வந்தபோது இந்த உடனடிப் பதில் வேறொரு வழியில் வாய்த்தது. ஒலிவாங்கி ஒலியை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. தொலைக்காட்சிப் படமும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமே. இரண்டும் ஒரே பொருளாலானவை என்பதால் ஒன்றை மற்றொன்றின் வாயில் நேரே ஊற்ற முடியும். கொரியாவில் பிறந்து இசை பயின்ற நாம் ஜூன் பைக், 1963 மார்ச்சில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரிலிருந்த பார்னாஸ் கலைக்கூடத்தில் வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஒன்று இவ்வகையானது. பார்வையாளர் ஒலிவாங்கியில் குரலெழுப்பினால் அக்குரல் திரையில் ஒளியாக வெடிக்கும். தொலைக்காட்சி பேச, வீடு கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், வீட்டிலிருப்பவர் பேசத் தொலைக்காட்சி கேட்டது என்பது சிறிய மாற்றமன்று.

ஆனாலும் அந்தப் பெட்டியை யாரும் ஆண்டுக்கணக்கில் பழகவில்லை. அப்படிப் பழகியவர் ஸ்டைனா வசுல்கா. 1940இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் பிறந்து, பிராகு நகரில் வயலின் பயின்று, கணவர் வூடி வசுல்காவுடன் 1965இல் நியூயார்க்கில் குடியேறிய இவர், 1971இல் அவரோடு சேர்ந்து ஒரு பழைய ஓட்டலின் சமையலறையில் ‘தி கிச்சன்’ என்னும் நிகழ்கலைக் கூடத்தைத் தொடங்கினார். 1970 முதல் 1978 வரை படிப்படியாக உருவான அவருடைய ‘வயலின் பவர்’ என்னும் ஒளிநாடாப் படைப்பில், அவர் வாசிக்கும் வயலினின் ஒலியே அவர் வாசிக்கும் படத்தை அசைக்கிறது.

இங்கு நடப்பதை அருகில் சென்று காண வேண்டும். அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய கண்ணாடிக் குழலில், ஒரு மின்னணுக் கற்றை மேலிருந்து கீழாக நொடிக்கு ஏறத்தாழ 60 முறை திரையை வருடி முடிக்கிறது. வயலின் ஒலியை அக்கற்றையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் முனையில் செலுத்தினால், நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட ஏ தந்தி, ஒரு வருடலுக்குள் ஏழு முழுப் பட்டைகளையும் எட்டாவதில் மூன்றிலொரு பங்கையும் வரைகிறது. அந்த மீதத்தால் அடுத்த வருடல் வேறிடத்திலிருந்து தொடங்குவதால் பட்டைகள் நிலைகொள்ளாமல் துடிக்கின்றன. அதே தந்தியில் விரலை நகர்த்தி, ஏ தந்தியை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் பஞ்சமமாகும் சுரத்தைத் தொட்டால் அதிர்வெண் 660 ஆகிறது. 60 அதை மீதமின்றி வகுப்பதால் பதினொரு பட்டைகள் திரையில் ஏறத்தாழ அசையாமல் நிற்கின்றன. விரல் மயிரிழை தவறி அதிர்வெண் 663 ஆனால், நொடிக்கு மூன்று பட்டை வீதம் அவை ஊரத் தொடங்கிவிடும். அபசுரம் கண்ணுக்குத் தெரிகிறது! காஸ்தெலும் ஸ்க்ரியாபினும் தேடிய உறவை யாரும் வகுக்க வேண்டியதில்லை. தந்திக்கும் கற்றைக்கும் இடையிலான விகிதமே அதை எழுதிவிடுகிறது.

ஸ்டைனா இதோடு நிற்கவில்லை. ஸ்டீவ் ரட், பில் எட்ரா ஆகியோர் செய்த கருவி, வெளிச்சத்தை விட்டுவிட்டுக் கற்றை செல்லும் பாதையையே வளைக்க வல்லது. அதனூடே செலுத்தப்பட்ட வயலின் ஒலி, படமாகிய கோடுகளை மேலும் கீழும் இழுக்க, வில்லைப் பிடித்த அவர் கை அந்த வில்லின் வீச்சாலேயே திரையில் அலையாக நெளிகிறது. மெல்ல வாசித்தால் முகம் தெரிகிறது. அழுத்தி வாசித்தால் முகம் கலைந்து ஒலியின் வடிவம் மேலோங்குகிறது. ஆகவே வயலின்காரர் எந்தச் சுரத்தை வாசிப்பதென்று காதால் தீர்மானிப்பதோடு, எவ்வளவு தெரியவிடுவதென்று கண்ணாலும் தீர்மானிக்கிறார். இரு புலன்களுக்கும் பொறுப்பான ஒரே கை என்ற நிலை இப்படைப்பில்தான் முழுமையாக எட்டப்பட்டது என்பது இச்சொற்பொழிவின் மதிப்பீடு. 1990களில் அவர் மின்னணு வயலின் ஒன்றைக் கொண்டு லேசர் வட்டில் பதிந்த காட்சிகளின் வேகத்தையும் திசையையும் மேடையிலேயே வாசிக்கலானார். படைப்பின் பெயர் மட்டும் மாறவில்லை.

கணினி வந்ததும் கலைஞருக்குக் கிடைத்த உரிமைகள் பல. இழந்த ஒன்று, உடனடித் தன்மை. பழைய மின்சுற்றில் ஒலி நுழைந்த கணமே படம் அசைந்தது. கணினியோ ஒலியைச் சிறு சிறு மாதிரிகளாக எடுத்து, ஒரு கொத்து சேர்ந்த பிறகே கையாள்கிறது: நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் அமைப்பில் 256 மாதிரிகள் சேர 5 மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா ஒரு படத்துக்கு 33 மில்லிநொடியை எடுத்துக்கொள்ள, நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரை மேலும் 17 மில்லிநொடியைச் சேர்க்க, ஒளிவீழ்த்தியும் தன் பங்குக்கு நேரம் எடுக்கிறது. உதட்டசைவுக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் பற்றிய பன்னாட்டு ஒலிபரப்புப் பரிந்துரை, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலோ 125 மில்லிநொடி பிந்தினாலோ பார்வையாளர் அதை உணரத் தொடங்குவர் என்கிறது. தூரத்தில் வண்ணார் துணியைக் கல்லில் அடிப்பதைப் பார்த்தவர் அறிவர், இயற்கையில் ஒலி எப்போதும் காட்சிக்குப் பிந்தியே வரும். ஆகவே பிந்துவதை மனித மூளை பொறுத்துக்கொள்கிறது, முந்துவதைப் பொறுப்பதில்லை. பார்ப்பவரின் பொறுமை இதுவென்றால், வாசிப்பவரின் விரலுக்குப் பொறுமை இன்னும் குறைவு. தாமதமாகப் பதில் சொல்லும் கருவியில் சாதகம் செய்ய முடியாது. இத்துறையில் பணம் செலவிட முனைவோர், திரையின் அகலத்துக்கு முன்னதாக இத்தாமதத்தைக் குறைப்பதில் அதைச் செலவிடுவது நல்லது.

கணினியை மெய்யான கருவியாக்கிய முயற்சிகளுக்கு முன்னோடி ஒன்று மாஸ்கோவில் இருந்தது. பொறியாளர் எவ்கேனி முர்சின், ஸ்க்ரியாபினின் பெயரின் முதலெழுத்துகளைச் சூட்டிச் செய்த ஏ.என்.எஸ். என்னும் இசைக்கருவியில், கறுப்புப் பூச்சிட்ட கண்ணாடித் தகட்டில் கீறிய கோடுகள் 720 தூய ஒலிகளைத் திறந்து மூடும். இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘சோலாரிஸ்’ படத்துக்கு ஆர்த்தெம்யெவ் அமைத்த இசையில் அதன் ஒலி உண்டு. நிற அட்டவணையில் நம்பிக்கை வைத்தவரின் பெயரைத் தாங்கிய கருவி, அட்டவணையைக் கைவிட்டுக் கோட்டைப் பற்றிக்கொண்டது. அக்கோட்டுக்கு உயிரூட்டியவர் அமெரிக்கரான கோலன் லெவின். 2000இல் எம்.ஐ.டி.யில் அளித்த ஆய்வேட்டில், அன்றைய மென்பொருள்கள் படத்தையும் ஒலியையும் இயக்கப் பொத்தான்களையும் காலவரைபடங்களையும் தருகின்றனவே தவிர, ஓவியனின் வண்ணத்தைப்போல அள்ள அள்ளக் குறையாத பொருளைத் தருவதில்லை என்று அவர் குறைகண்டார். அவர் செய்த ஐந்து கருவிகளில் ஒன்றான ‘யெல்லோடெய்ல்’, கையால் இழுத்த கோட்டை, இழுத்த வேகமும் நடுக்கமும் மாறாமல், புழுவைப்போல் நெளிந்து நெளிந்து திரும்பச் செய்யும். அக்கோடு ஒரு சதுரத்துக்குள் புகுந்தால், இடத்துக்கேற்ற சுருதியும் வெளிச்சத்துக்கேற்ற உரப்புமாக ஒலிக்கும். நல்ல கருவி தொட்டவுடனே புரிய வேண்டும், அதேசமயம் அதில் அடையத்தக்க தேர்ச்சிக்கு எல்லை இருக்கக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல். ஒரு பென்சிலும் ஒரு புல்லாங்குழலும் இவ்வளவுகோலில் தேறும்.

ஊடாடும் கலையாகக் காட்சிக்கூடங்களில் வைக்கப்படுபவற்றுள் மிகப்பல இதில் தேறா. கையை அசைத்தால் புள்ளிகள் சிதறுகின்றன, ஏதோ ஒரு மணியோசை எழுகிறது. ஒரு நிமிடத்தில் பார்வையாளர் எல்லாவற்றையும் கண்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார். கனடாவின் டேவிட் ரோக்பி 1980கள் முழுவதும் திருத்தித் திருத்தி அமைத்த ‘வெரி நெர்வஸ் சிஸ்டம்’ இதற்கு விலக்கு. அதில் கேமரா உடலின் அசைவை உணர்ந்து இசையாக்குகிறது. திரை என்று எதுவும் கிடையாது, அசையும் உடலே காணத்தக்க படம். உடல் அசைவதால் இசை எழுகிறதா, இசை எழுவதால் உடல் அசைகிறதா என்று உள்ளே நிற்பவருக்கே பிரித்தறிய முடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்வதால், நெடுநேரம் நின்றவருக்கு அது மேலும் மேலும் திறந்துகொண்டது.

இக்கருவிகளை இன்று கற்க முனைபவருக்குச் செலவு ஒரு தடையன்று. மில்லர் பக்கெட் 1990களில் எழுதி வெளியிட்ட பியூர் டேட்டா, பெட்டிகளைக் கம்பிகளால் இணைப்பதுபோல் திரையில் இணைத்து ஒலியை உருவாக்கும் கட்டற்ற மென்பொருள். அதனோடு சேரும் ஜெம் என்னும் தொகுதி படத்தைக் கவனிக்கிறது. 2004இல் ஹாம்பர்க்கில் தோன்றிய டாப்லாப் என்னும் அமைப்பைச் சார்ந்தவர்கள், மேடையிலேயே நிரல் எழுதி அதை அவையோர் காணத் திரையில் காட்டுவதை நெறியாகக் கொண்டார்கள். கைவித்தையை மறைக்காத இந்த நேர்மை போற்றத்தக்கது. ஒலிவியா ஜாக் எழுதிய ஹைட்ரா, சிகாகோவில் டான் சாண்டின் 1970களின் தொடக்கத்தில் செய்து, அதன் வரைபடங்களைக் கேட்டவர்க்கெல்லாம் வழங்கிய படமாற்றிக் கருவி போன்ற பழைய மின்சுற்றுகளின் போக்கை, உலாவியில் ஓரிரு வரி நிரலாக எழுத வைக்கிறது.

மென்பொருள் இலவசமாகக் கிடைக்கும் இந்நாளில் அருகிப்போவது வேறொன்று. ‘வயலின் பவர்’ நாடாவாகக் காக்கப்படுகிறது. அதைப் பிறப்பித்த கண்ணாடிக் குழல் திரைகளும் மின்சுற்றுகளும் பழுதுபார்க்க ஆளின்றி ஒழிந்துவருகின்றன. 1992இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் வசுல்கா இணையர், தம் தலைமுறையின் ஒலி-ஒளிக் கருவிகளைத் தேடித் திரட்டிச் செப்பனிட்டுக் காட்சிக்கு வைத்தது இவ்வச்சத்தால்தான். ஃபிராங்க்பர்ட்டின் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு லூமிகிராஃப் இருக்கிறது; அது பேச வேண்டுமானால் இருட்டறை ஒன்றும் பழகிய கைகள் இரண்டு இணையும் வேண்டும். இக்கலைக்கு அறநிதி வைக்க எண்ணுவோர் விழாக்களுக்கும் ஒருநாள் காட்சிகளுக்கும் கொடுப்பதோடு நில்லாமல், ஒரு கருவியையும் அதை நாள்தோறும் எடுத்து வாசிக்க ஒரு மாணவரையும் அருகிலிருந்து பழுதுபார்க்க ஒரு கைவினைஞரையும் ஐந்து ஆண்டுகளுக்கேனும் தாங்க முன்வர வேண்டும்.